கைமாறாமல் போன தொழில்

மருதானையில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறு அமைப்பை நடத்திய ஆண்டுகளை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது ஒரு கேள்விதான். "உங்களிட்டப் படிச்ச பிள்ளைகளில எத்தனை பேர் நெறியாளரா வந்திருக்கிறாங்க?" பெற்றோர் கேட்டார்கள், நன்கொடை தர வந்தவர்கள் கேட்டார்கள், விழாவுக்குப் பிரதம விருந்தினராக வந்தவர்களும் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அளவுகோலை அவர்கள் தப்பான இடத்தில் வைத்தார்கள் என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஒரு நெறியாளரை உருவாக்க ஊர்கூடி ஓர் அமைப்பு நடத்தத் தேவையில்லை. திறமையும் பிடிவாதமும் உள்ளவர் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார். இலங்கைத் தமிழரிடையே அப்படி வந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். எங்களுக்கு முதலாளிகள் இருந்தார்கள், படமாளிகைகள் இருந்தன, ஸ்டூடியோ இருந்தது, தொழில் தெரிந்தவர்கள் இருந்தார்கள், பார்க்கச் சனமும் இருந்தது. ஒருவர் கற்றதை அடுத்த தலைமுறையின் கையில் கொடுக்கிற இடம் மட்டும் இருக்கவில்லை. இலங்கைத் தமிழ் சினிமா ஒவ்வொரு படத்துக்கும் ஆரம்பத்திலிருந்தே தொடங்க வேண்டியதாகப் போனதற்கு இதுதான் முதற்காரணம் என்பது என் வாதம். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஒரு சனிக்கிழமை வகுப்பை அந்தக் குறையை நிரப்பும் வேலையாகப் பார்க்க வேண்டும் என்பதும் அதே வாதத்தின் மறுபக்கம்.

இதை மருதானையில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கொழும்பின் மேடைக்கும் திரைக்கும் இந்தச் சந்திதான் நெடுங்காலம் முற்றமாக இருந்தது. 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபம் பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. எல்பின்ஸ்டனும் காமினியும் மருதானைப் படமாளிகைகளின் பெயர்கள். கொஞ்சம் வடக்கே போனால் கொட்டாஞ்சேனை. அங்கே கிங்ஸ்லி படமாளிகையில் 1947 ஜனவரி 21ஆம் தேதி திரையிடப்பட்ட 'கடவுணு பொறொந்துவ'தான் முதல் சிங்களப் பேசும்படம். அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் பிடிக்கப்பட்டது மதுரையில். அதற்கும் முன்பே, 1928இல், சிலோன் தியேட்டர்ஸ் கொம்பனியைத் தொடங்கி இந்த நாட்டின் திரைப்பட வியாபாரத்துக்கு அத்திவாரம் போட்டவர் சேர் சிற்றம்பலம் கார்டினர். சினிமாஸ் கொம்பனியை நடத்திய கே. குணரத்தினம் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவைக் கட்டினார். சிங்களப் படங்களுக்கு இசையமைத்தவர்களில் முன்வரிசைக்காரர் ஆர். முத்துசாமி. சேலத்தில் பிறந்து கொழும்புக்கு வந்த மொஹிதீன் பேக்கின் குரலை இன்றும் வெசாக் நாட்களில் எல்லா ஒலிபெருக்கிகளிலும் கேட்கலாம். ரொபின் தம்பு சிங்களத்தில் படங்களை நெறியாண்டு தயாரித்தார். இந்தப் பெயர்களைப் பெருமைக்காக அடுக்கவில்லை. நாட்டின் திரைப்படத் தொழில் உருவானபோது தமிழ் பேசுவோர் அதன் விளிம்பில் நின்றவர்கள் அல்ல, நடுவில் நின்றவர்கள் என்ற உண்மையை முதலில் நிறுவ வேண்டியிருக்கிறது. அது தெரியாமல், "எங்களுக்குச் சினிமா வராது, அது இந்தியாக்காரன்ர வேலை" என்று பேசுகிறவர்களைக் கொழும்பில் நிறையவே காணலாம்.

தொழில் இவ்வளவு அருகில் இருந்தும் தமிழ்ப் படங்கள் எப்படி வந்தன? 1962இல் 16 மில்லிமீற்றரில் 'சமுதாயம்', மறு ஆண்டு மலையகத்தைக் களமாகக் கொண்ட 'தோட்டக்காரி', 1972இல் 'குத்துவிளக்கு', 1977இல் 'பொன்மணி', 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 'வாடைக்காற்று'. இடையிலும் சில உண்டு. சராசரியாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்ற கணக்குக்கு மேல் போகவில்லை. இவற்றை எடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 'குத்துவிளக்கு' தயாரித்த வி. எஸ். துரைராஜா கட்டடக் கலைஞர். 'பொன்மணி'யை நெறியாண்ட தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த சிங்களவர். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒரு தனி மனிதரின் ஆசையும் சேமிப்பும் இருந்தன. படம் ஓடி முடிந்ததும் குழு கலைந்தது. அடுத்த படத்தை எடுத்தவர் வேறு ஊர்க்காரர், வேறு தொழில்காரர். முந்தியவர் எங்கே பிழைவிட்டார், எந்த விளக்கை எங்கே வைத்தார், ஒலிப்பதிவில் எதைக் கைவிட்டார் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்ற நூலில் இந்தப் படங்களைத் தேடித் தொகுத்திருக்கிறார். ஒரு தொழிலின் வளர்ச்சிக் கதையை எதிர்பார்த்து அதைத் திறந்த நான் பல தொடக்கங்களின் கதையைத்தான் அங்கே கண்டேன். பிறகு 1983 ஜூலைக் கலவரம். விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. சிங்களப் படங்களை நெறியாண்ட கே. வெங்கட் அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1989இல், குணரத்தினமும் சுட்டுக் கொல்லப்பட்டார். தொழில் சில மனிதரிடத்திலும் சில கட்டடங்களிலும் மட்டுமே இருந்தது. அந்த மனிதரும் கட்டடங்களும் போனபோது தொழிலும் போயிற்று.

இது யுத்தத்தின் விளைவு, பள்ளிக்கூடம் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். இந்த மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் இதற்கான பதில் எங்கள் சமூகத்துக்குள்ளேயே, அதே ஆண்டுகளிலேயே இருக்கிறது. நாடகத்தைப் பாருங்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் போன்ற ஆசிரியர்கள் எழுபதுகளில் கொழும்பில் நாடக டிப்ளோமா படித்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பினார்கள். 1978இல் அங்கே நாடக அரங்கக் கல்லூரி தொடங்கியது. பெயர்தான் கல்லூரி; சொந்தக் கட்டடமோ பெரிய நிதியோ கிடையாது. மாலையிலும் விடுமுறையிலும் கூடினார்கள், பயிற்சி எடுத்தார்கள், பயிற்சி பெற்றவர்கள் பாடசாலைகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு நாடகம் போட்டார்கள். நாடகமும் அரங்கியலும் உயர்தரத்தில் ஒரு பாடமாக நிலைபெற்றது. 'மண் சுமந்த மேனியர்' நாடகம் 1985இல், ஊரடங்குக்கும் சுற்றிவளைப்புக்கும் நடுவில், ஊர் ஊராகப் போயிற்று. மட்டக்களப்பில் மௌனகுருவும் அவருக்குப் பின் ஜெயசங்கரும் கூத்தோடு செய்த வேலையும் கற்பித்தலோடு பின்னியது. குண்டு விழுந்தது, இடப்பெயர்வு நடந்தது, ஆட்கள் புலம்பெயர்ந்தார்கள், நாடகம் அறுந்துபோகவில்லை. நாடகத்துக்குச் செலவு குறைவு, சினிமாவுக்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் அறுபதுகளில் தமிழ் நாடகமும் தனி மனிதரின் ஆசையில் நடந்து மறுநாள் கலைகிற குழுக்களாகத்தான் பெரும்பாலும் இருந்தது. பதினாறு வயதுப் பிள்ளையிடம் அதை ஒப்படைக்க ஒரு வழி பிறந்த பிறகுதான் அது யுத்தத்தைத் தாங்கியது. ஒரே சமூகம், ஒரே யுத்தம், இரண்டு கலைகள். கற்பித்த கலை பிழைத்தது.

பாலு மகேந்திராவின் வாழ்க்கையும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். டேவிட் லீன் கித்துல்கலையில் 'த பிறிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பாடசாலைச் சுற்றுலா போன மாணவனாக அந்தப் படப்பிடிப்பைப் பார்த்ததே தன்னைச் சினிமாவுக்குள் இழுத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். பார்த்தவருக்கு அதைக் கற்க இங்கே இடம் இருக்கவில்லை. புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனார், ஒளிப்பதிவு படித்தார், பிறகு தென்னிந்தியாவிலேயே நின்றுவிட்டார். அவரிடம் வேலை பழகியவர்கள் பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என்று நீள்கிறார்கள். கடைசிக் காலத்தில் சென்னையில் 'சினிமா பட்டறை' என்று ஒரு பள்ளியும் நடத்தினார். அவர் இந்தியாவுக்குப் போனதில் எனக்குக் குறையில்லை. கற்பிக்கத் தெரிந்த அந்த மனிதரின் கையிலிருந்து தொழில் கைமாறிய விதத்தைப் பாருங்கள். ஒரே தலைமுறையில் தமிழ்நாட்டுச் சினிமாவின் முகமே மாறியது. அப்படி ஒருவரையும் அவருக்கு நான்கு மாணவரையும் வைத்திருக்க மட்டக்களப்பிலோ கொழும்பிலோ ஓர் அறை இருந்திருந்தால் எங்கள் கதை வேறாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

சரி, அந்த அறையில் என்னதான் நடக்கும்? கமெராவைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். அதைப் பிள்ளைகள் ஒரு பிற்பகலில் பழகிவிடுவார்கள். கடினமான வேலை அவர்கள் ஏற்கெனவே பழகி வந்ததைக் கழற்றுவது. மருதானை, மாளிகாவத்தை, தெமட்டகொடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று எங்கிருந்து வந்தாலும் முதல் வாரம் எழுதுகிற கதை ஒன்றாகத்தான் இருக்கும்: ஒரு ரவுடி, ஒரு காதல், ஒரு துரோகம், கடைசியில் மழை. கதாநாயகன் மெதுவசைவில் நடந்து வருவான். அவன் வாயைத் திறந்தால் வடசென்னைத் தமிழ் வரும். எழுதிய பிள்ளை வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. அயலில் ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை. சினிமாவில் தமிழ் என்றால் அதுதான் என்று காது முடிவுசெய்துவிட்டது. இதற்கு மருந்து, தமிழ்நாட்டுப் படங்களைத் திட்டுவது அல்ல. திட்டினால் பிள்ளை வகுப்பை விட்டுப் போய்விடும், நியாயமாகவே. நாங்கள் கண்டுகொண்ட வழி, முதலில் காட்சியை ஒதுக்கிவிட்டு ஒலியை மட்டும் கொடுப்பது. வீட்டில் அம்மம்மாவோ பக்கத்து வீட்டு நானாவோ பேசுவதைக் கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடம் பதிந்து வந்து, எழுத்தெழுத்தாகத் தாளில் இறக்க வேண்டும். இழுக்கிற இடம், பாதியில் விடுகிற வசனம், சிங்களச் சொல் வந்து விழுகிற இடம் எல்லாம் அப்படியே. அதைச் செய்து முடித்த பிள்ளை அடுத்து எழுதும் உரையாடல் வேறு மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சு, மலையகத்துப் பேச்சு, கொழும்பு முஸ்லிம்களின் பேச்சு, மட்டக்களப்புப் பேச்சு நான்கும் ஒரே மேசையில் இருக்கிற வாய்ப்பு இந்த நாட்டில் மருதானை மாதிரி ஓர் இடத்தில்தான் கிடைக்கும்.

ஒலி என்றதும் இன்னொன்று. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவில் ஒரு காட்சி எடுத்தால், திரையில் முகம் அழகாகத் தெரியும். பேச்சு ஒன்றும் கேட்காது. முச்சக்கர வண்டி, இரும்பைத் தட்டுகிற சத்தம், லொறியின் ஹோர்ன், பள்ளிவாசலின் பாங்கு எல்லாம் ஒரே உயரத்தில் பதிந்திருக்கும். மனிதக் காது வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கிறது, மைக் அப்படிப் பொறுக்குவதில்லை என்பதைப் பிள்ளை அப்போதுதான் உணரும். பிறகு வீட்டுக்குள் எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும், குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்ற வேண்டும், சுவரில் போர்வை தொங்கவிட வேண்டும், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அதனால்தான் மூடலாம். இதையெல்லாம் எந்தப் படத்தைப் பார்த்தும் கற்க முடியாது, ஏனென்றால் சரியாகச் செய்யப்பட்டால் அது படத்தில் தெரியாது. இப்படித் தெரியாமல் இருப்பவைதான் ஒரு தொழிலின் முக்கால் பங்கு. இவை புத்தகத்தில் குறைவாகவும் பக்கத்தில் நிற்பவரின் வாயில் அதிகமாகவும் இருக்கின்றன.

இனி மறுப்புகள். எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது, வெட்டி ஒட்டக் கைன்மாஸ்டர், காப்கட் போன்ற செயலிகள் இலவசம், யூடியூபில் பாடம் கொட்டிக் கிடக்கிறது, இதற்கு ஒரு வகுப்பு எதற்கு என்பது முதலாவது. கருவி பரவினால் கலை பரவும் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. கருவி பரவியது எனக்கு மகிழ்ச்சி. அது இல்லாமல் எங்கள் வகுப்பே நடந்திருக்காது. ஆனால் கருவி பற்றாக்குறையாக இருந்த இடங்களின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1919இல் மொஸ்கோவில் உலகின் முதல் அரச திரைப்படப் பள்ளி தொடங்கியபோது படச்சுருளுக்குக் கடும் தட்டுப்பாடு. அங்கே கற்பித்த நெறியாளர் குலேஷோவின் மாணவர்கள் சுருளே இல்லாமல், கமெரா இருப்பதுபோல் வைத்துக்கொண்டு, ஷொட் ஷொட்டாகக் காட்சியை நடித்துப் பழகினார்கள். கமெரா இல்லாத அந்த வகுப்பிலிருந்து ஒரு பெரிய சினிமா எழுந்தது. காரணம், அங்கே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து "இந்த ஷொட் எதற்கு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். தனியே அறைக்குள் இருந்து திரையைப் பார்த்துப் பழகும் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்க யாருமில்லை. விருப்பக் குறிகளின் எண்ணிக்கை அதைக் கேட்காது.

பெற்றோரின் மறுப்பு இதைவிடப் பாரமானது. சாதாரண தரம் வருகிறது, உயர்தரம் வருகிறது, சனி ஞாயிறு டியூஷன். இதில் படம் எடுக்க எங்கே நேரம்? படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? நான் யாரிடமும் வேலை கிடைக்கும் என்று சொன்னதில்லை. தமிழில் படம் எடுத்து இந்த நாட்டில் குடும்பம் நடத்தலாம் என்று சொன்னால் அது பொய். ஆனால் விளையாட்டுக்கும் பண்ணிசைக்கும் பரதத்துக்கும் பிள்ளையை அனுப்பும்போது எந்தத் தாயும் வேலையைக் கேட்பதில்லை. சினிமாவிடம் மட்டும் கேட்பது, அதை ஒரு கல்வியாக இன்னும் ஏற்றுக்கொள்ளாததால். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடசாலைப் பாடமாக இருக்கிறது என்பது நல்ல தொடக்கம்தான். பெரும்பாலான இடங்களில் அது இன்னும் புத்தகப் பாடமாகவே இருக்கிறது. நடைமுறையில் நாங்கள் பெற்றோரோடு செய்துகொண்ட உடன்பாடு எளிமையானது: பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் அந்தப் பிள்ளைக்கு வகுப்பு இல்லை, பரீட்சை முடிந்ததும் இடம் அப்படியே இருக்கும். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்கள்தான் எங்களுக்குப் பொற்காலம். அந்த நாட்களில் வருகிற பிள்ளை முழு மனதோடு வரும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த வேலையைப் பற்றிப் பேச முடியாது. ஓர் அரச சார்பற்ற நிறுவனமாக 1980ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் பதிவதா, பிரதேச செயலகத்தில் ஒரு சங்கமாகப் பதிவதா, வங்கிக் கணக்கில் யார் யார் கையொப்பம் வைப்பது என்று தொடங்கி, அறை வாடகை, மின்கட்டணம், பஸ் காசு, பணிஸும் தேநீரும் வரைக்கும் செலவு ஓயாது. கமெரா வாங்கத் தருகிறவர்கள் உண்டு. அறை வாடகைக்குப் பணம் தருகிறவர்கள் அருமை. யுத்தம் முடிந்த பிறகு வந்த நிதிகளில் பெரும்பாலானவை தலைப்போடு வந்தன: நல்லிணக்கம், சமாதானம், பெண் பிள்ளைகள், போதைப்பொருள். தலைப்புகள் எல்லாம் நல்லவை. பிள்ளை அந்தத் தலைப்பில் எதையாவது கண்டுபிடிப்பதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது என்பதுதான் சிக்கல். மூன்று நாள் பட்டறை, ஐந்து நிமிடப் படம், கடைசி ஷொட்டில் இரண்டு இனத்துப் பிள்ளைகளும் கைகோர்த்து நடப்பார்கள். பட்டறை முடிந்ததும் கமெரா பெட்டிக்குள் போய்விடும். நிதி தருகிறவர்களுக்குப் படத்தில் எங்கள் ஒழுங்கைகளின் வறுமை வேண்டும். இங்கே இருக்கிற பிள்ளைக்கோ தன் அயலவர் அப்படிக் காட்டப்படுவது வெட்கம். முகம் காட்டச் சம்மதமா என்று கேட்காமல் யாரையும் எடுக்கக்கூடாது, எடுத்ததை அவர்களுக்கே முதலில் காட்ட வேண்டும் என்பதை நாங்கள் விதியாக வைத்திருந்தோம். இதன் முன்மாதிரி பழையது. 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில், கொலின் லோ என்ற நெறியாளர் மீனவர்களைப் பேசவைத்துப் படம் எடுத்தார். வெளியூருக்குக் காட்டுவதற்கு முன் தீவுக்காரருக்கே போட்டுக் காட்டினார். ஒருவர் சொன்னதை மற்றவர் திரையில் கேட்டுத் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். இடம்பெயர்க்கப்பட இருந்த தீவு கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டு அங்கேயே நின்றது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தனியாக நடத்துவது இந்த ஊரில் இன்னொரு மதில் கட்டுவதாகாதா என்று கேட்டவர்களும் உண்டு. மருதானை பல இனத்தவரின் இடம். சிங்கள, முஸ்லிம், மலாய், தமிழ்க் குடும்பங்கள் ஒரே தொடர்மாடியில் இருக்கிற இடம். மேலே சொன்ன வரலாறே கலந்த வரலாறுதான். ஆகவே குழுக்கள் கலந்தே இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் படப்பிடிப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தன. ஆனால் கற்பிக்கும் மொழி வேறு விஷயம். வெட்டும் மேசையில் "எனக்கு இந்த இடம் பிடிக்கவில்லை" என்று சொல்வது எளிது. ஏன் பிடிக்கவில்லை என்று விளக்குவதற்குப் பிள்ளை கனவு காண்கிற மொழி வேண்டும். ஆங்கிலத்தில் நடந்த வகுப்புகளில் வாயைத் திறவாத பிள்ளைகள் தமிழில் சண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவில் 1966இல் சோல் வேர்த்தும் ஜோன் அடேரும் நவஹோ மக்களிடம் கமெராவைக் கொடுத்து, கருவியை இயக்க மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, எதை எப்படி எடுப்பது என்பதை அவர்களிடமே விட்டார்கள். நெசவைப் பற்றி எடுத்த படத்தில் நெசவு சிறு பகுதியாகவும், அதற்கு முன் நடந்து திரிந்து சாயவேர் தேடுவதும் கம்பளி சேர்ப்பதும் பெரும்பகுதியாகவும் வந்தன. அவர்களுக்கு வேலை என்பது அதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு எது வேலை, எது காத்திருப்பு, எது பயம் என்பதும் அவர்கள் மொழியில் யோசித்தால்தான் திரைக்கு வரும்.

இந்த வேலை எந்த இடத்தில் பலவீனமானது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். பத்தொன்பது, இருபது வயதில் பாதிப்பேர் கனடா, லண்டன், டோஹா என்று கிளம்பிவிடுவார்கள். 2022இல், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்ற அந்த ஆண்டில், இது வெள்ளமாயிற்று. கற்றவர் நாட்டில் இல்லாவிட்டால் கைமாற்றம் எங்கே நடக்கும்? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் எங்கள் அமைப்பின் வடிவத்தையே தீர்மானித்தது. பதினேழு வயதுப் பிள்ளை பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுவும் போவதற்கு முன்பே. முதலாண்டு ஒரு படம் எடுத்தவர், இரண்டாமாண்டு இன்னொருவரின் படத்துக்கு ஒலி பதிய வேண்டும் அல்லது வெட்ட வேண்டும். நெறியாளராக மட்டும் இருந்துவிட்டுப் போக முடியாது. எடுத்த படத்தின் ஷொட் பட்டியல், பிழைகள், கைவிட்ட காட்சிகள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி அறையிலேயே விட்டுப்போக வேண்டும். அடுத்து வருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் கமெராவைத் தொடலாம். பெரியவர்களை விட்டுப் பதின்ம வயதினரைத் தேர்ந்ததற்கும் இதுவே காரணம். இருபத்தைந்து வயதுக்காரர் தனக்காகக் கற்பார். பதினைந்து வயதுப் பிள்ளை தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கத் தயங்காது. நியூயோர்க்கில் 1984இல் தொடங்கிய எடியுகேஷனல் வீடியோ சென்டரும், 2000இல் பிரொங்ஸில் தொடங்கிய கெட்டோ ஃபில்ம் ஸ்கூலும் பதின்ம வயதினரையே எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் ப. திருநாவுக்கரசு 'நிழல்' இதழின் வழியாக ஊர் ஊராகக் குறும்படப் பட்டறை நடத்தினார். எல்லோரும் ஒரே முடிவுக்குத் தனித்தனியாக வந்தார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. வடக்கில் இளைஞர்கள் தங்கள் செலவில் முழுநீளப் படங்கள் எடுக்கிறார்கள். கொழும்பில் அந்த வேகம் இல்லை. ஆனால் கொழும்பில் இடம் இருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஆலய அறங்காவலர் சபைகளுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் சொந்தமான மண்டபங்களில் பல, கல்யாணமோ கூட்டமோ இல்லாத சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கின்றன. ஓய்வுபெற்ற ரூபவாஹினித் தொழில்நுட்பவியலாளரும் வானொலி ஒலிப்பதிவாளரும் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள்; அவர்களைக் கேட்க ஆள் வேண்டும். பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பது கமெராவை அல்ல. ஓர் அறையையும் அதன் திறப்பையும் ஒரே பிள்ளைகள் திரும்பத் திரும்ப வரக்கூடியதாக ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுங்கள், வாடகை கேட்காதீர்கள், தலைப்பும் கொடுக்காதீர்கள்.